மெர்லீன் ஓட்டி: ஒலிம்பிக் தங்கம் இல்லாதவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஜமைக்காவின் குறுந்தூர ஓட்டக்காரர் மெர்லீன் ஓட்டி ஏழு ஒலிம்பிக்கில் ஓடியும் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. நடுவில் ஊக்கமருந்து விவகாரத்தில் பெயர் அடிபட்டது, கடைசியில் நாட்டையே மாற்றிக்கொண்டார். ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ், எலைன் தாம்சன் எல்லாம் தங்கமாகக் குவித்திருக்கும்போது ஜமைக்காக்காரர்கள் இவரை ஏன் அதே வரிசையில் வைக்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. பதக்கப் பட்டியலில் தங்கம் என்ற கட்டத்தை மட்டும் பார்த்தால் எனக்கும் இதே சந்தேகம் வந்திருக்கும். ஆனால் ஓட்டி விஷயத்தில் அந்தப் பட்டியலைப் படிக்கிற விதமே வேறு. ஒவ்வொரு ஓட்டத்திலும் அவருக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் எத்தனை நொடி இருந்தது என்று பாருங்கள். நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வரும். முதல் ஒலிம்பிக் பதக்கம் 1980இல், 20 வயதில். கடைசியானது 2000இல், 40 வயதில். நடுவில் ஒலிம்பிக்கில் மொத்தம் 9 பதக்கம், உலக சாம்பியன்ஷிப்பில் 14. குறுந்தூர ஓட்டத்தில் இருபது வருடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பிறந்தது 1960 மே 10, ஜமைக்காவின் வடமேற்கில் ஹானோவர் மாவட்டத்தில் கோல்ட் ஸ்பிரிங் என்ற கிராமம். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் டான் குவாரி 200 மீட்டர் தங்கம் வென்றதை ரேடியோவில் கேட்டதுதான் தன்னை ஓட்டத்துக்கு இழுத்தது என்பார். பள்ளிப் படிப்பு ருசியாஸ் பள்ளியிலும் வீர் டெக்னிக்கல் பள்ளியிலும். ஜமைக்காவில் பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியை 'சாம்ப்ஸ்' என்பார்கள், நாடே உட்கார்ந்து பார்க்கும் திருவிழா அது. ஆனால் பள்ளி முடிந்த பிறகு அன்றைக்கு அங்கே எதுவும் கிடையாது. இன்று கிங்ஸ்டனிலேயே பயிற்சி செய்து உலக சாம்பியன் ஆகலாம், ஸ்டீபன் ஃபிரான்சிஸ், கிளென் மில்ஸ் போன்ற பயிற்சியாளர்கள் அதற்கான கிளப்புகளை உருவாக்கிவிட்டார்கள். 1979இல் இருந்த ஒரே வழி அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. ஓட்டி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வெயில் நாட்டில் வளர்ந்த பெண் பனி கொட்டும் ஊரில், கூரை போட்ட அரங்கத்துக்குள் ஓடிப் பழகினார். பின்னால் உள்ளரங்க ஓட்டத்தில் அவர் செய்த சாதனைக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

1980 மாஸ்கோ. 200 மீட்டரில் 22.20 நொடி, வெண்கலம். வெள்ளி வாங்கிய சோவியத் பெண் நடால்யா போச்சினாவின் நேரம் 22.19. முதல் பதக்கமே நூறில் ஒரு பங்கில் நிறம் மாறியது! ஆனாலும் ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவர்தான். தங்கம் வாங்கியவர் கிழக்கு ஜெர்மனிக்காரர். அந்த நாட்டில் அரசே முன்னின்று விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்தது என்பது பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்களோடு வெளியே வந்தது. எந்த ஓட்டத்தில் யார் என்று நான் விரல் நீட்டவில்லை. ஆனால் ஓட்டியின் முதல் பத்து வருடம் எப்படிப்பட்ட காலத்தில் கழிந்தது என்பதை மறந்துவிட்டு அவர் வெண்கலங்களை எடைபோடக் கூடாது.

எண்பதுகளை வேகமாகத் தாண்டுகிறேன். 1982 பிரிஸ்பேன் காமன்வெல்த்தில் 200 மீட்டர் தங்கம். 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், 200 மீட்டரில் கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோக் 22.13, ஓட்டி 22.19, வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 100, 200 இரண்டிலும் வெண்கலம். 1987 ரோமிலும் அதேபோல் இரண்டு வெண்கலம். 1988 சியோலில் 200 மீட்டரை 21.99இல் ஓடி நான்காவது இடம். 22 நொடிக்குள் ஓடியும் பதக்கம் இல்லை! அது ஃப்ளாரன்ஸ் கிரிஃபித்-ஜாய்னர் 21.34 என்ற உலக சாதனை வைத்த ஓட்டம். 'வெண்கல ராணி' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியது இந்த மாதிரி முடிவுகளை வைத்துத்தான். எனக்கு அந்தப் பட்டம் பிடித்ததே இல்லை.

அவர் ஓடும் விதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி வெடித்ததும் சீறிப் பாய்கிற ரகம் அல்ல. உயரமான உடம்பு, நீளமான கால்கள், தொடக்கத்தில் கால் ஊன்றும் பிளாக்கிலிருந்து நிமிர்ந்து முழு வேகம் பிடிக்க மற்றவர்களைவிடச் சற்று நேரம் எடுக்கும். வேகம் பிடித்த பிறகு பார்க்கவேண்டும்: தோள் அசையாது, முகம் இறுகாது, கால் தரையைத் தொட்டுவிட்டுப் போவது போலத்தான் இருக்கும். 60 மீட்டருக்குப் பிறகு எல்லோருக்கும் வேகம் குறையத்தான் செய்யும், இவருக்குக் குறைவது மற்றவர்களைவிடக் குறைவு. அதனால் 100 மீட்டரில் அவர் எப்போதும் பின்னாலிருந்து துரத்தி வருவார், கோட்டைத் தொடும்போது சரியாகப் பக்கத்தில் வந்திருப்பார். நூறில் ஒரு பங்கு நொடி கணக்குகள் அவர் வாழ்க்கையில் இவ்வளவு வந்ததற்கு இதுதான் காரணம், வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

1989க்குப் பிறகு அவர் தோற்கடிக்க முடியாத ஓட்டக்காரராக மாறினார். 1990 ஆக்லாந்து காமன்வெல்த்தில் 100, 200 இரண்டும் தங்கம். 100 மீட்டர் இறுதி ஓட்டங்களில் ஐம்பதுக்கு மேல் தொடர்ச்சியாக வென்றுவிட்டு 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனார். அங்கே ஜெர்மனியின் கத்ரின் கிராபே ஜெயித்தார், ஓட்டிக்கு இரண்டிலும் மறுபடி வெண்கலம். ஜமைக்காவுக்குத் தொடர் ஓட்டத்தில் தங்கம் கிடைத்தது, கடைசி ஆளாக ஓடியவர் ஓட்டி. சரி, அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 13, பிரஸ்ஸல்ஸில் 200 மீட்டரை 21.64இல் ஓடினார். டோக்கியோவில் தங்கத்தின் நேரம் 22.09. பிரஸ்ஸல்ஸில் வைத்த அந்த நேரம் ஜமைக்கா தேசிய சாதனையாக முப்பது வருடம் நின்றது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் எலைன் தாம்சன்-ஹெரா 21.53 ஓடி அதை முறியடித்தார். கேள்வியில் நீங்கள் பெயர் சொன்ன அதே எலைன்தான்.

இது ஒரு முறை நடந்த விஷயமும் அல்ல. 1996 அட்லாண்டாவில் 100 மீட்டரில் 10.94 ஓடி வெள்ளி, செப்டம்பரில் மிலானில் 10.74 ஓடினார், 36 வயதில், வாழ்நாள் சிறந்த நேரம். பெரிய போட்டியில் இதயம் உடைந்த ஒருவர் ஆறு வாரத்தில் திரும்பி வந்து வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டத்தை ஓடுகிறார் என்றால் அவருக்கு மனவலிமை இல்லை, அழுத்தம் தாங்கமாட்டார் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அன்றைக்குப் பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

1992 பார்சிலோனாவில் 100 மீட்டர் இறுதி எவ்வளவு நெருக்கமாக முடிந்தது தெரியுமா? அமெரிக்காவின் கெயில் டிவர்ஸ் 10.82, ஜமைக்காவின் கத்பர்ட் 10.83, ரஷ்யாவின் பிரிவலோவா 10.84, அமெரிக்காவின் க்வென் டாரன்ஸ் 10.86, ஓட்டி 10.88. முதல் இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் நடுவில் நூறில் ஆறு பங்கு நொடி. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. 200 மீட்டரில் இன்னொரு வெண்கலம்.

1993 ஸ்டுட்கார்ட்தான் இந்தக் கதையின் நடுமையம். 100 மீட்டர் இறுதி. கெயில் டிவர்ஸ் குள்ளம், வெடித்துக் கிளம்புவார். ஓட்டி வழக்கம்போலப் பின்னாலிருந்து விரட்டினார். கோட்டை இருவரும் ஒன்றாகத் தொட்டார்கள், இருவருக்கும் 10.82. இந்த மாதிரி நேரத்தில் போட்டோ ஃபினிஷ் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அது நாம் எடுக்கிற படம் மாதிரி கிடையாது. கேமரா முடிவுக் கோட்டை மட்டும், ஊசி அகலத்துக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கணத்திலும் கோட்டில் என்ன இருந்ததோ அதை மெல்லிய கீற்றாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். அதனால் அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில்லை, மார்பும் உடலும்தான். அப்படிப் பார்த்ததில் டிவர்ஸ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முந்தியிருந்தார். அந்த வேகத்தில் அது சுமார் ஒரு சென்டிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

அரங்கமே எழுந்து நின்று ஓட்டிக்காக நெடுநேரம் கை தட்டியது. ஜெர்மன் ரசிகர்கள், ஜமைக்காவுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இரண்டாவது வந்தவருக்காக நின்றார்கள்.

சில நாள் கழித்து 200 மீட்டர். வளைவை விட்டு வெளியே வரும்போது ஓட்டி முன்னால் இருந்தார், கடைசி முப்பது மீட்டரில் க்வென் டாரன்ஸ் நெருங்கிக்கொண்டே வந்தார். 21.98க்கு 22.00. இந்தமுறை நூறில் இரண்டு பங்கு ஓட்டியின் பக்கம். வெளியரங்க உலகப் போட்டியில் முதல் தனிநபர் தங்கம், 33 வயதில். அதே வருடம் பிப்ரவரியில் பிரான்ஸில் லியேவான் என்ற ஊரில் உள்ளரங்க 200 மீட்டரை 21.87இல் ஓடியிருந்தார். உள்ளரங்கத்தில் 22 நொடிக்குள் ஓடிய முதல் பெண் அவர். முப்பது வருடம் கடந்த பிறகும் உலக சாதனை அதுதான்.

1995 கோதன்பர்க்கில் 200 மீட்டரில் டாரன்ஸ் தெளிவாக முந்தி வந்தார், ஆனால் வளைவில் தன் தடத்தின் கோட்டை மிதித்துவிட்டதால் நீக்கப்பட்டார், தங்கம் ஓட்டிக்கு. இதை 'கிடைத்த தங்கம்' என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். வளைவில் கோட்டை மிதித்து உள்ளே போனால் ஓடுகிற தூரம் குறையும், அதனால்தான் அந்த விதி. டாரன்ஸ் மிகப் பெரிய ஓட்டக்காரர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் விதி விதிதான்.

அட்லாண்டா 1996. இந்தியாவில் அது ஞாயிறு காலை, வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்த ஓட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மீண்டும் டிவர்ஸ், மீண்டும் ஓட்டி, மீண்டும் ஒரே நேரம், 10.94. திரையில் முடிவு வரும்வரை இருவரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கம் டிவர்ஸுக்கு. ஜமைக்கா முறையீடு செய்தது, மாறவில்லை. ஐந்து நாள் கழித்து 200 மீட்டரில் கடைசிச் சில மீட்டர் வரை முன்னால் இருந்தார், பிறகு மரீ-ஜோசே பெரெக் வந்து தாண்டினார், 22.12க்கு 22.24. பெரெக் பிரான்ஸுக்காக ஓடினாலும் பிறந்தது குவாடலூப் தீவில், அவரும் கரீபியன் மண்தான். ஓட்டிக்கு 36 வயதில் இரண்டு வெள்ளி, தொடர் ஓட்டத்தில் ஒரு வெண்கலம்.

அடுத்த வருடம் ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப், இலங்கை வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டம். 200 மீட்டர் இறுதியில் உக்ரைனின் பின்டுசெவிச் 22.32, இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.39, ஓட்டி 22.40. சுசந்திகாவின் வெள்ளியை நாம் கொண்டாடும்போது, நூறில் ஒரு பங்கில் அவர் முந்தியது யாரை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 37 வயது ஓட்டியை. அந்த வெள்ளியின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. அதே போட்டியின் 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம் என்று நிறுத்தச் சொல்லிச் சுட்ட இரண்டாவது வெடி ஓட்டியின் காதில் விழவில்லை. தனியாகப் பாதித் தூரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஓடிவிட்டார். திரும்பி வந்து மறுபடி ஓடி ஏழாவது.

இனி அந்த ஊக்கமருந்து விஷயம். 1999இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போட்டியில் எடுத்த மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக முடிவு வந்தது. செவில் உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகினார். ஜமைக்கா தடகளச் சங்கம் விசாரித்து அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, சர்வதேசச் சங்கம் ஏற்கவில்லை, கடைசியில் 2000 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் தடையை நீக்கியது. சட்டப்படி நிலை இதுதான், 'தப்பித்தார்' என்று சொல்வதற்கு யாருக்கும் ஆதாரம் கிடையாது. நாற்பது வயதில் ஒரு வருடத்தை அதில் தொலைத்தார் என்பது மட்டும் நிச்சயம்.

சிட்னி 2000தான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. ஜமைக்காத் தேர்வுப் போட்டியில் ஓட்டி 100 மீட்டரில் நான்காவது. முதல் மூன்று பேர்தான் தனிநபர் ஓட்டத்துக்குப் போகவேண்டும். ஆனால் சங்கம் தேர்வில் முதலாவதாக வந்த பீட்டா-கே டௌடியை நீக்கிவிட்டு ஓட்டியைப் போட்டது. ஒலிம்பிக் கிராமத்துக்குள்ளேயே ஜமைக்கா வீரர்கள் சிலர் பலகை பிடித்துப் போராட்டம் நடத்தினார்கள். டௌடிக்கு நடந்தது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஓட்டியின் ரசிகனாக இருந்தும் சொல்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுத்தது சங்கம். சொந்த அணியினரே எதிர்த்து நின்ற நிலையில் 40 வயதில் தடத்தில் இறங்கி 11.19 ஓடினார், மூன்றாவது வந்த சக ஜமைக்கா வீராங்கனை டாய்னா லாரன்ஸ் 11.18. மறுபடியும் அதே நூறில் ஒரு பங்கு! தொடர் ஓட்டத்தில் வெள்ளி கிடைத்தது, அந்த அணியில் இரண்டாவது ஆளாக ஓடியவர் 18 வயது வெரோனிகா கேம்பல். நான்கு வருடம் கழித்து ஏதென்ஸில் 200 மீட்டர் தங்கம் வாங்கி, ஜமைக்கப் பெண் ஒருவர் ஒலிம்பிக் குறுந்தூர ஓட்டத்தில் வென்ற முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது அந்தப் பெண்தான்.

சிட்னி 100 மீட்டரை வென்ற மரியான் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 இறுதியில் ஒலிம்பிக் கமிட்டி லாரன்ஸுக்கு வெள்ளியும் ஓட்டிக்கு வெண்கலமும் அறிவித்தது. ஒன்பதாவது பதக்கம் அவருக்கு 49 வயதில் வந்தது. பெண்கள் தடகளத்தில் ஒன்பது பதக்கம் என்ற எண்ணிக்கையை ஆலிசன் ஃபெலிக்ஸ் 2021இல்தான் தாண்டினார்.

நாட்டை மாற்றிக்கொண்டார் என்றும் சொல்லியிருந்தீர்கள். அந்த நாடு ஐரோப்பாவின் ஸ்லோவேனியா. 1998 முதலே பயிற்சியாளரோடு அங்கேதான் வசித்துவந்தார். சிட்னிக்குப் பிறகு ஜமைக்காவில் 'வழிவிடு' என்ற பேச்சு பலமாகிவிட்டது, இளையவர்களும் வரிசையில் நின்றார்கள். 2002இல் குடியுரிமை வாங்கினார். ஜமைக்காவை மறுத்துவிட்டுப் போனார் என்று நான் பார்க்கவில்லை, அவருக்கு ஓடவேண்டும், இருபது லட்சம் பேர் வாழும் ஒரு சின்ன நாடு ஓடு என்றது. 2004 ஏதென்ஸில் ஸ்லோவேனியாவுக்காக ஓடியபோது ஏழு ஒலிம்பிக் கண்ட முதல் தடகளப் போட்டியாளர் ஆனார். 100 மீட்டரில் அரையிறுதி வரை போனார், 44 வயதில். 2012இல் ஹெல்சிங்கி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் தொடர் ஓட்டத்தில் பேட்டன் வாங்கி ஓடியபோது வயது 52. 1983இல் முதல் உலக வெள்ளியை வாங்கியதும் ஹெல்சிங்கியில்தான். ஜமைக்காவும் கோபத்தைத் தொடரவில்லை, கிங்ஸ்டன் தேசிய அரங்கத்துக்கு வெளியே அவருடைய சிலை நிற்கிறது.

ஷெல்லி-ஆனோடும் எலைனோடும் தங்கத்தை எண்ணி ஒப்பிட்டால் ஓட்டி தோற்பார், அதில் வாதமே இல்லை. ஆனால் 2009 பெர்லினில் ஷெல்லி-ஆன் 10.73 ஓடியபோது முறியடித்த ஜமைக்கா சாதனை ஓட்டியின் 10.74. இந்த நாட்டில் ஒரு பெண் எவ்வளவு வேகம் ஓடலாம் என்பதற்கு அளவுகோல் போட்டவர் அவர்.

உங்களுக்குப் பத்து நிமிடம் இருந்தால் ஸ்டுட்கார்ட் 1993இன் இரண்டு இறுதிகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள், முதலில் 100, பிறகு 200. 200 மீட்டரில் வளைவு முடிகிற இடத்தில் ஓட்டியின் தோளை மட்டும் கவனியுங்கள். பக்கத்தில் டாரன்ஸ் ஒவ்வொரு அடிக்கும் நெருங்கி வருகிறார், ஓட்டியின் தோள் கடைசிவரை ஏறவே இல்லை.